மூக்கண்டப்பள்ளியில் புள்ளி வைத்த வீடு

தீர்த்தகிரி வாழைப்பழம் வாங்குவதைப் பார்க்க மூக்கண்டப்பள்ளி சந்தையில் ஒரு காலத்தில் கூட்டம் கூடும். சீப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். ஒவ்வொரு பழத்தையும் காம்பிலிருந்து நுனிவரை விரலால் தடவுவார். கடைசியில் பன்னிரண்டு பழத்தில் ஒன்பதை எடுத்துக்கொண்டு, மூன்றைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, அவை ஏன் தள்ளுபடி என்று காரணமும் சொல்லிவிட்டு வருவார். கடைக்காரர் நொந்துபோய், பிறகு வந்தவர்களிடம் அந்த மூன்றையும் "தீர்த்தகிரி சார் தொட்ட பழம்" என்று கூடுதல் விலைக்கு விற்றதாக ஒரு பேச்சு உண்டு. நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவர் சாமல்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். தொண்ணூற்றொன்றில் ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தார். முப்பத்தொரு வருடம் அதே மேசை, அதே விளக்கு. மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு இரும்புத் துண்டையும் பார்ப்பது அவர் வேலை. குறை இருந்து சரிசெய்ய முடியும் என்றால் மஞ்சள் புள்ளி. சரிசெய்யவே முடியாது என்றால் சிவப்புப் புள்ளி. புள்ளியில்லாமல் போனது நல்ல சரக்கு. அவர் மேசையைத் தாண்டிப் போன சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அந்தக் கம்பெனியில் இன்றைக்கும் சொல்வார்கள். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மேடையிலேயே அதைக் காதருகில் வைத்துக் கேட்டுவிட்டு, "நாளைக்கு நாலு செகண்ட் பின்னால போகும்" என்று மேனேஜர் கையில் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

மகள் பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான்கு பேரை நிராகரித்தார். ஒருவன் உட்கார்ந்த நாற்காலியை எழுந்ததும் பழைய இடத்தில் நகர்த்தி வைக்கவில்லை, அவ்வளவுதான் குற்றம். ஐந்தாமவன் தப்பித்தான். அவனையும் "மஞ்சள்தான், சரி பண்ணிக்கலாம்" என்றே இன்றுவரை சொல்கிறார். மாப்பிள்ளை பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறார். மாமனார் வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூட ஸ்கேல் வைத்த மாதிரி நேராக விடுகிறார்.

இப்படிப்பட்டவருக்குச் சொந்த வீட்டை விற்க வேண்டி வந்தது.

அதற்குக் காரணம் அவர் மனைவி சரோஜம்மாள். தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பிள்ளைகள் இருபது பேருக்குச் சரோஜம்மாள் வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வைக்கும் கொள்ளு ரசத்துக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஐம்பத்தேழு வயதில் அவருக்கு ஒரு ஆசை வந்தது: சொந்தமாக மெஸ். சூளகிரியில், பெங்களூர் சாலையை ஒட்டி, புதுக் கம்பெனிகள் வருகிற பக்கமாக ஒரு கட்டிடம். கீழே கடை, மேலே குடியிருக்க இரண்டு அறை. உரிமையாளர் குருமூர்த்தி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியில் கறார் பேசுகிறவர்.

"ஆனி கடைசிக்குள்ள அட்வான்ஸ் வந்துடணும்மா. ஆடில நான் எதையும் கைமாத்த மாட்டேன். ஆவணில பேக்கரிக்காரர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார், அவருக்குப் போயிடும்" என்றார்.

ஆடியில் இங்கே யாரும் வீடு வாங்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள், வீடு பற்றிக் கனவுகூடக் காண மாட்டார்கள். ஆகவே மூக்கண்டப்பள்ளி வீடு ஆனிக்குள் விலைபோக வேண்டும். போகாவிட்டால் சரோஜம்மாளின் மெஸ்ஸில் பன் விற்பார்கள்.

சித்திரையில் போர்டு மாட்டினார்கள். "வீடு விற்பனைக்கு", கீழே கைபேசி எண். தரகர் ஜெகதீஷ் இணையத்திலும் ஏற்றினார். மறுநாளிலிருந்து ஜனம் வந்தது பாருங்கள், கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குக்கூட அப்படி வந்ததில்லை.

வந்தவர்களில் வீடு வாங்க வந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயிலுக்கு வந்த குடும்பங்கள், திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கு ஒன்றுக்குப் போக இடம் வேண்டுமென்று வீடு பார்க்க வந்தன. ஒருவர் இஞ்ச் டேப்போடு வந்து சமையலறையை மட்டும் அளந்து எழுதிக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் அவலப்பள்ளிப் பக்கம் தன் வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறாராம், அலமாரிக்கு யோசனை வேண்டியிருந்ததாம். மூன்றாவது தெரு அம்மாள் ஒருத்தி, இருபது வருடமாக இந்த வீட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் தவித்தவள், தங்கையை வாங்குபவளாக வேஷம் போட்டுக் கூட்டி வந்து பீரோவைத் திறந்தே பார்த்துவிட்டாள்.

எல்லோருக்கும் காபி. சிலருக்கு டிபன். சரோஜம்மாளின் தோசையைச் சாப்பிட்டுவிட்டு கன்னடக்காரர்கள் "நோடோண" என்றார்கள். தெலுங்குக்காரர்கள் "சூஸ்தாமு" என்றார்கள். தமிழர்கள் "பாக்கலாம்" என்றார்கள். மூன்று மொழியிலும் அர்த்தம் ஒன்றே: இனி இந்தப் பக்கம் வர மாட்டோம்.

"சார், இது சீரியஸ் பார்ட்டி" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அழைத்து வந்த ஜெகதீஷ், வைகாசி முடிவதற்குள் மூன்று கிலோ ஏறியிருந்தார்.

"வீடு பாக்க வர்றாங்களா, பந்திக்கு வர்றாங்களா?" என்றார் சரோஜம்மாள்.

"அக்கா, ஒரு வார்த்தை சொன்னா கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்கு ஒரு மேக்கப் வேணும். ஹால் சுவத்துல ஈரம் ஊறியிருக்கு, அங்க ஒரு பட்டி பாத்து பெயின்ட் அடிங்க. பாத்ரூம் கதவு அடிப்பக்கம் உளுத்திருக்கு, ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. மோட்டார் சத்தம் போடுது, வர்றப்ப போடாதீங்க. ஜனம் மேலாப்லதான் பாக்கும்."

தீர்த்தகிரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம், நீங்கள் பார்த்திருக்க வேண்டும், யாரோ அவர் மேசையிலிருந்து சிவப்புப் புள்ளித் துண்டை எடுத்து நல்ல சரக்குப் பெட்டியில் போட்டதுபோல ஆகிவிட்டது.

"ஜெகதீஷ்" என்றார். "குறைய மறைச்சா பாக்க வர்றவன் கூடுவான். வாங்க வர்றவன் கூடுவானா?"

"அதுக்கில்ல சார்..."

"எனக்கு நூறு பேர் வேணாம். ஒருத்தர் போதும்."

அடுத்த ஞாயிறு விடிந்ததும் ஆறடி இரண்டு அங்குல மனிதர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இரண்டு சின்ன டப்பா பெயின்ட்டும் டார்ச்சும் சுத்தியலுமாகத் தன் வீட்டைப் பரிசோதிக்கத் தொடங்கினார். டைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டி ஓசை கேட்டார். ஜன்னலுக்கு ஜன்னல் மூடித் திறந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு ஒரு மணி நேரம் இருந்தார். மீன் எதுவும் அகப்பட்டிருந்தால் அதற்கும் புள்ளி வைத்திருப்பார். மாலை மணி ஐந்துக்கு வீட்டில் பதினேழு மஞ்சள் புள்ளி, நான்கு சிவப்புப் புள்ளி. ஒவ்வொன்றும் ரூபாய் நாணயம் அளவு, பளிச்சென்று, ஹால் சுவரில், படிக்கட்டில், கதவில், வாசல் தூணில்.

பிறகு உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். இடம், குறை, காரணம், சரிசெய்ய ஆகும் நாள், செலவு. மூன்று நகல். சிவப்பு ஒன்று: கோடையில் போர்வெல் தண்ணீர் நின்றுவிடும், மாசம் நாலு லாரித் தண்ணீர் வாங்கவேண்டும். சிவப்பு இரண்டு: பின்பக்கத்துப் பட்டறையில் காலை ஆறு மணிக்கு இரும்பு அடிப்பார்கள், ஞாயிறு உட்பட. சிவப்பு மூன்று: வீடு மேற்குப் பார்த்தது, நாலு மணி வெயில் ஹாலுக்குள் வந்து உட்காரும். சிவப்பு நான்கு: பக்கத்து வீட்டம்மாள் அதிகம் பேசுவார்.

நான்காவதைப் பற்றி எனக்கு அவரோடு கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே விவரிக்கவில்லை.

சரோஜம்மாள் கோயிலிலிருந்து வந்து வாசலில் நின்றார். தூணைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"என்னாங்க இது. வீட்டுக்கு அம்மை போட்டிருக்கு."

"ரிப்போர்ட்டு சரோஜா. வர்றவங்க முதல்ல இதைப் படிக்கணும். படிச்சப்புறமும் நின்னா அவங்கதான் வாங்கறவங்க."

"நிப்பாங்க, நிப்பாங்க. வேப்பிலையோட வந்து நிப்பாங்க."

வேப்பிலையோடு யாரும் வரவில்லை. எதிர்வீட்டுப் பையன் மட்டும் மாரியம்மன் பாட்டு ஒன்றைச் சத்தமாக வைத்தான். ஆனால் ரிப்போர்ட்டின் பலன் உடனே தெரிந்தது. பந்திக் கூட்டம் நின்றது. வாசலில் தாளைக் கையில் வாங்கியவர்கள் முதல் பக்கத்திலேயே கடிகாரத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் பக்கத்தில் யாரோ போன் செய்தார்கள். மூன்றாம் பக்கம் படித்தவர் எவருமில்லை. காபிப்பொடி மிச்சமானது. ஜெகதீஷ் மெலிந்தார். மெலிந்த கோபத்தில் புள்ளி வைத்த தூணைப் படமெடுத்து, "இந்த வீட்டை வித்துக் கொடுத்தா எனக்குக் கோயில் கட்டுங்கப்பா" என்று தரகர்கள் குழுவில் போட்டுவிட்டார். அது தரகர் குழுவிலிருந்து லாரி ஓட்டுநர் குழுவுக்கும், அங்கிருந்து கம்பெனிக் குழுக்களுக்கும் பரவி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை கைபேசிக்கே வந்து சேர்ந்தது. அவர் பார்த்துவிட்டு பிரியாவிடம், "எனக்காவது ஒரே புள்ளி" என்றாராம்.

ஆனி பாதி போயிற்று. பத்து நாள் ஒருவரும் வரவில்லை. குருமூர்த்தி இரண்டு முறை போன் செய்தார். இரண்டாவது முறை, பேக்கரிக்காரர் வந்து அடுப்பு வைக்க இடம் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.

அன்று இருபது பிள்ளைகளுக்கும் சாப்பாட்டில் உப்பு இல்லை. அவர்கள் பயந்து ஒருவரும் கேட்கவில்லை.

ஆனி கடைசி வாரத்து வெள்ளிக்கிழமை தீர்த்தகிரி சாமல்பட்டியில் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் போனார். அவர் பஸ் ஏறியதை உறுதி செய்துகொண்டதும் சரோஜம்மாள் ஜெகதீஷுக்குப் போன் போட்டார். அரை மணியில் ஜெகதீஷ் ஒரு பக்கெட் வெள்ளை பெயின்ட்டும் இரண்டு பிரஷ்ஷுமாக வந்து நின்றார். தரகரும் வீட்டம்மாளும் சேர்ந்து இருபத்தொரு புள்ளியையும் மறைத்தார்கள். மதியம் மூன்று மணிக்கு வீடு பால் குடித்த குழந்தை மாதிரி இருந்தது. ரிப்போர்ட்டின் மூன்று நகலும் அரிசி டிரம்முக்கு அடியில் போயின.

பெயின்ட் காயக்கூட இல்லை. வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

கணவனும் மனைவியும். விமல்ராஜ், ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அனுப்ரியா, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் தரப் பரிசோதனை. பேகேபள்ளியில் வாடகைக்கு இருக்கிறார்கள். வந்ததும் விமல்ராஜ் பையிலிருந்து வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்கலாமா என்றார். சரோஜம்மாள் காபி போட எழுந்தார். "வேணாங்க்கா, பத்திரம் பாத்துட்டு குடிக்கிறோம்" என்றாள் அனுப்ரியா. மூன்று மாதத்தில் அந்த வீட்டில் காபியைத் தள்ளிவைத்த முதல் ஆள் அவள். ஜெகதீஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பத்திரம் சுத்தம். வில்லங்கம் இல்லை. அனுப்ரியா எழுந்து ஹாலைச் சுற்றிவந்தாள். சுவர் அருகில் போய் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"புள்ளியெல்லாம் எங்கக்கா?"

"எந்தப் புள்ளி கண்ணு?"

அனுப்ரியா கைபேசியை நீட்டினாள். சிவப்புப் புள்ளியோடு தூண்.

"அது வேற வீடும்மா" என்றார் ஜெகதீஷ்.

"தூணுக்குப் பின்னால மயில் வச்ச ஜன்னல் கம்பி. இங்கயும் மயில். அந்த மயிலுக்கும் வால்ல ஒரு இறகு இல்ல, இந்த மயிலுக்கும் இல்ல."

ஜெகதீஷ் மயிலைப் பார்த்தார். மயில் அவரைக் காப்பாற்றுவதாக இல்லை.

"நாங்க பதினொரு வீடு பாத்துட்டோம்ங்க" என்றார் விமல்ராஜ். "எல்லாத்துலயும் பட்டி பாத்து வெள்ளை அடிச்சிருந்தாங்க. புள்ளி வச்ச வீடுன்னுதான் இவ லீவு போட்டுட்டு வந்தா. இதுலயும் அதேதான்னா... வாங்க, கெளம்பலாம் அனு."

அவர்கள் செருப்புப் போட்டார்கள். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆனது. சரோஜம்மாள் நடுக்கூடத்தில் நின்றார். நாலு மணி வெயில் உள்ளே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. சூளகிரியில் ஒரு பேக்கரி அடுப்புப் பற்றிக்கொள்வது அவருக்கு அங்கிருந்தே தெரிந்திருக்கவேண்டும். சமையலறைக்குள் ஓடினார். ஐம்பது கிலோ அரிசி இருந்த டிரம்மை ஒரு கையால் சாய்த்தார் என்று ஜெகதீஷ் சத்தியம் செய்கிறார். ரிப்போர்ட்டை உருவிக்கொண்டு கேட்டுக்கு வந்து ஸ்கூட்டரின் முன்னால் நின்றார்.

"இந்தா கண்ணு. பதினேழு மஞ்சள், நாலு சிவப்பு. எல்லாம் இதுல இருக்கு. அவர் ஊர்ல இல்லாதப்ப நான்தான் வெள்ளை அடிச்சேன். இந்த ஆளு பிரஷ் புடிச்சாரு."

ஜெகதீஷ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்கூட்டர் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அனுப்ரியா வண்டியிலிருந்து இறங்காமலே முதல் பக்கம் படித்தாள். இரண்டாம் பக்கம் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் சிரித்தாள். எந்த வரியில் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு இறங்கினாள்.

அந்த நேரம் பார்த்து, காதுகுத்து வீட்டுத் தாம்பூலப் பையோடு தெருமுனையில் தீர்த்தகிரி வந்துகொண்டிருந்தார். வாசலில் கால் வைத்தவர் தூணைப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார்.

"சரோஜா, ரெண்டாவது கோட் அடிக்கல. நாளைக்கே தெரியும்" என்றார். அவ்வளவுதான் அவர் கோபம்.

அதன்பிறகு நடந்ததைப் பார்க்க டிக்கெட் வைத்திருக்கலாம். ஒரு கையில் ரிப்போர்ட், ஒரு கையில் டார்ச். தீர்த்தகிரி முன்னால், அனுப்ரியா பின்னால். "ஏழாம் எண்?" "மாடிப்படி மூணாவது படி, ஓட்டை ஓசை." அவள் தட்டிப் பார்ப்பாள். "சரி." "பன்னெண்டு?" "பாத்ரூம் கதவு." அவள் குனிந்து பார்ப்பாள். "சரி." ஒன்றரை மணி நேரம். இரண்டு பேருக்கும் பசியில்லை, தாகமில்லை. ஊரில் இல்லாத சந்தோஷம் தீர்த்தகிரி முகத்தில். கம்பெனியை விட்டு வந்த பிறகு அவரோடு அவர் பாஷையில் பேச ஆள் கிடைத்திருந்தது.

கடைசியாகச் சமையலறை. அனுப்ரியா மேடை முன்னால் போய் நின்றாள். கையைத் தூக்கி அடுப்பு இருக்கும் இடத்தில் ஒரு கற்பனைச் சட்டியைக் கிளறிப் பார்த்தாள். முழங்கை தோளுக்கு வந்தது.

"மேடை உயரம் ரிப்போர்ட்ல இல்லையே சார்."

"அதுல குறை இல்லம்மா. ஸ்டாண்டர்ட்."

சரோஜம்மாள் மேடைக்கு அடியிலிருந்து காலாலேயே ஒரு பலகையை வெளியே இழுத்தார். நடுவில் இரண்டு பாதத்தின் அளவுக்குத் தேய்ந்து குழிந்த பலகை.

"இது என்னக்கா?"

"ஸ்டாண்டர்ட். கொத்தனார் மேடை எவ்ளோ உயரம்னு கேட்டப்ப சார் வந்து நின்னு தன் இடுப்புக்கு அளந்து கொடுத்தாரு. அவர் அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரல. நான் இருபத்தாறு வருஷமா இது மேல ஏறி நின்னுதான் சமைக்கிறேன்."

"ஈரத்துல கால் வைக்க வேணாம்னு நீ போட்டிருக்கன்னு நெனச்சேன்" என்றார் தீர்த்தகிரி.

"நெனச்சீங்க."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது ரிப்போர்ட்டில் பதினாலாம் எண்.

தீர்த்தகிரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். முப்பத்தொரு வருடத்தில் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை அவர் திருத்தியதில்லை. "பதினெட்டு" என்று எழுதத் தொடங்கினார். "மஞ்சள். மேடைய இடிச்சுக் கட்டிக்கலாம், ரெண்டு நாள்..."

"சிவப்பு" என்றார் சரோஜம்மாள்.

"சரோஜா, சரிசெய்ய முடியறது மஞ்சள்தான்."

"என் இருபத்தாறு வருஷத்த எந்தக் கொத்தனார் வந்து சரி செய்வாரு?"

தீர்த்தகிரி "பதினெட்டு" என்பதை அடித்தார். சிவப்பு வரிசையில் ஐந்து என்று எழுதி, குறை: மேடை உயரம், காரணம்: அளந்தவர், என்று போட்டு முழுப் பெயரையும் கையெழுத்திட்டார். மூன்று நகலிலும்.

விமல்ராஜும் அனுப்ரியாவும் ஓரமாகப் போய்க் கிசுகிசுத்தார்கள். பிறகு விலைபேச்சு. ஐந்து சிவப்புக்கும் சேர்த்து இவ்வளவு குறையுங்கள் என்றாள் அனுப்ரியா. ரிப்போர்ட்டில் இருப்பது நியாயம்தானே என்று தீர்த்தகிரி தலையாட்டப் போனார். ஜெகதீஷ் தன் கமிஷன் உருகுவதைக் கண்டு நெஞ்சில் கை வைத்தார். அப்போது சரோஜம்மாள் உள்ளே புகுந்தார்.

"நாலு சிவப்புக்குக் குறைச்சுக்க கண்ணு. அஞ்சாவது எனக்கு நடந்தது, உனக்கில்ல. நீ உன் உயரத்துக்கு அளந்து கட்டிக்குவ."

அனுப்ரியா யோசித்தாள். "பலகையத் தருவீங்களா, கட்டுற வரைக்கும்?"

"எடுத்துக்க."

"அப்ப நாலு போதும்" என்றாள். அதற்குப் பிறகுதான் காபி குடித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் கிரய ஒப்பந்தம் எழுதி, முன்பணத்துக்குக் குருமூர்த்தி பெயரிலேயே எடுத்த வங்கி வரைவோலையை விமல்ராஜ் கொடுத்தார். ஆனி மாதத்தில் இன்னும் ஒரு பகல் மிச்சமிருந்தது. அதையும் வீணாக்காமல் சரோஜம்மாள் மதியமே சூளகிரி பஸ்ஸில் ஏறினார். பக்கத்து சீட்டில் தீர்த்தகிரி. அவருக்குப் பக்கத்தில் நான். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமென்று சரோஜம்மாளே அழைத்தார், அதிகம் பேசுகிறவளாக இருந்தாலும் பரவாயில்லை என்று.

குருமூர்த்தி கட்டிட வாசலில் நின்றிருந்தார். தாளெல்லாம் தயாராக இருந்தது. தீர்த்தகிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். சரோஜம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து சாலையின் எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடையைக் காட்டினார்.

"நீங்க அங்க போய் ஒரு டீ குடிங்க."

"ஒரு பார்வை பாத்துட்டு..."

"நான் பாத்துட்டேன்."

அவர் போனார். லாரிகள் ஓடும் சாலையைத் தாண்டி, கையில் டீயுடன், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார் உள்ள வந்து பாக்கலியாம்மா?" என்று கேட்டார் குருமூர்த்தி.

சரோஜம்மாள் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவர் பாத்து முடிக்கறதுக்குள்ள ஆடி வந்துடுங்க."